நடுப்பகலில் இறங்கும் பெடல்

மலாயாவின் கேரி தீவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். லோரி என்றால் பெரியதில்லை. முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. வேறெங்கோ ஓடி அலுத்துப்போனதைத் துரை வாங்கிப் போட்டிருந்தார். எங்களுக்குப் பழக்கம் கம்பி இழுக்கிற பிரேக். இதிலோ பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். கைப்பிரேக் பெயருக்கு இருந்தது.

என் மனைவிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இந்த வாரத்துக்குள் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் சொல்லிவிட்டார். லோரித் தட்டில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தால், போய்ச் சேரும்வரை அவளை அசைக்கக்கூடாது. ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். லோரி படகில் ஏறுவதற்கு நீர் ஏறியிருக்க வேண்டும், அது அந்த வாரம் நடுப்பகலில்தான் ஏறியது. துறையில் பலகைச் சரிவில் இறங்கி, படகுக்காரன் கைகாட்டும்வரை பிரேக்கை மிதித்தபடி நிற்க வேண்டும். எதிரே ஆறு.

அந்தப் பெடல்மேல் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. முந்தின நாள் பகலில் ஒரு மேட்டில் நிறுத்தியிருந்தபோது, அழுத்திய கால் மெல்ல மெல்லத் தரைவரை இறங்கிப் போனது. லோரியும் கூடவே நகர்ந்தது.

மனைவியின் அண்ணனிடம் சொன்னேன். அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைப்பவர். வண்டியில் எது கெட்டாலும் எனக்குக் கைகொடுப்பவரும் அவர்தான். நான் காய்ச்சலில் கிடந்தபோது பெடலடியைத் தனியாகவே கழற்றிச் சரிசெய்து வைத்திருந்தார்.

“ரெண்டு மிதி சேத்து மிதிங்க மாப்பிள்ளை, பிடிச்சுக்கும்லா,” என்றார்.

“சரிவுல நிக்கும்போது எத்தனை மிதி மச்சான் மிதிக்கிறது?”

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் பார்க்க மிதித்துக் காட்டினேன். பெடல் கல்லாக நின்றது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வராத மசக்கை புருஷனுக்கு வந்திருக்கிறது என்று நாங்கள் குடியிருந்த லயமே சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. காரணம் தெரியாமல் அவளை அதில் ஏற்றுவதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பிடித்தால் விடாத புத்தி எனக்கு. அதற்காக அவளிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

நான்கு சக்கரத்துக்கும் உட்புறம் துணியால் துடைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. எண்ணெயும் குறையவில்லை. ஒழுக்கு இல்லாமல் பெடல் ஏன் இறங்க வேண்டும்? உச்சி வெயில்வரை லோரியைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினேன். வண்டி சூடேறியதும் மிதித்தேன், கால் இறங்கியது. காலையில் இல்லாத கோளாறு நடுப்பகலில் வருகிறது என்பதாவது புரிந்தது.

பெடலடியில் இருக்கும் சிலிண்டரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த வாயை ஒரு போல்ட்டால் இறுக்கி அடைத்தேன். இனி எண்ணெய் வெளியே போக வழியில்லை. மச்சானை ஏறி மிதிக்கச் சொன்னேன்.

“இறங்குதே மாப்பிள்ளை,” என்றார்.

அப்படியானால் கோளாறு சிலிண்டருக்குள்தான். பிரித்தேன். எண்ணெயை முன்னால் தள்ளுகிற ரப்பர் வாஷர் கறுப்பாக இருக்க வேண்டும். இது தேன் நிறத்தில் இருந்தது, விரலில் மாவாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். புகைக்கூடத்து வாசம்.

மச்சான் முகம் செத்துப்போயிற்று. “கம்பெனி வாஷர் கிழிஞ்சிருந்துச்சு. நம்ம ஷீட்டுலதான் நாலஞ்சு மடிப்பு ஒட்டி வெட்டிப் போட்டேன். நம்ம ரப்பர்தானே மாப்பிள்ளை?”

நம்ம ரப்பர்தான். ஆனால் கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர். குளிரில் விறைத்து நிற்கும், சூட்டில் இளகி ஓரமாக எண்ணெயைப் பின்னால் விட்டுவிடும். உலகத்துக்கே ரப்பர் அனுப்புகிற தோட்டத்தில் ஒரு வாஷருக்கு வழியில்லை. திட்ட வாயெடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

கிழிந்த பழைய வாஷரைத் தேடியெடுத்து மடியில் முடிந்துகொண்டு அவரே கிளம்பினார். கிள்ளானில் கிடைக்காமல் ரயிலேறிக் கோலாலம்பூர் போய், பிரிக்பீல்ட்ஸ் பட்டறைகளில் ஏறி இறங்கி, மறுநாள் சாயங்காலம் அதே அளவில் ஒன்றோடு வந்து நின்றார். சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட விடவில்லை. மாட்டினோம். அவர் மிதிக்க, நான் சக்கரங்களில் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன்.

அடுத்த நாள் வெயில் ஏறும்வரை ஓட்டிச் சூடாக்கி, ஒரு வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பெடலை அழுத்திப் பிடித்தேன். அசையவில்லை. அதற்குப் பிறகே அவளை ஏற்றினேன்.

துறைச் சரிவில் நின்றபோது மச்சான் தட்டிலிருந்து குதித்து, லோரிக்கு நேர்முன்னால் போய் நின்றார்.

“தள்ளி நில்லுங்க மச்சான்!”

“நீங்க மிதிங்க மாப்பிள்ளை. நான் இங்கதான் நிப்பேன்.”

இறங்கிப் போய்க் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். காலை எடுக்க முடியாதே. படகுக்காரன் கைகாட்டியதும் பிடிப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தினேன். எங்களைப் பார்த்தபடியே அவர் பின்வாக்கில் அடியெடுத்து வைத்தார். கால் அழுத்திய இடத்தில் பெடல் நின்றது. லோரி படகில் ஏறியது.

அன்று ராத்திரியே கிள்ளானில் மகள் பிறந்தாள். அறுத்துத்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததும் மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

“ஒரு நாள் முன்னாடியே நம்ம ஷீட்டு வாஷரோட சரிவுல இறங்கியிருந்தா, டாக்டரே தேவைப்பட்டிருக்காது மச்சான்,” என்றேன்.

அவருக்குப் புரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.