தள்ளியவர்களின் இருக்கை

சடையன் இலங்கையில், கண்டிச்சீமையில் பதினாலு வருஷம் இருந்தான். தேயிலைத் தோட்டத்து லாரிகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கிற வேலை. அங்கே தேனாறு ஒன்றும் ஓடவில்லை. துரையின் பூட்ஸும் கங்காணியின் பிரம்பும் அவன் முதுகுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் வாங்கினவன் உட்கார்ந்தான். நீ எந்தத் தெருவில் பிறந்தாய் என்று உட்காரும் பலகை கேட்கவில்லை.

சண்டைக் காலத்தில், 1943-இல், மனைவி தெய்வநாயகியோடு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் சேரிக்குத் திரும்பினான். அவள் தோட்டத்திலேயே பிறந்தவள். ஊரைப் பற்றி அவன் அடித்துவிட்ட பெருமைகளைத் தவிர வேறெதுவும் அறியாதவள்.

மூன்றே நாளில் எல்லாம் உறைத்தது. மளிகைக் கடைக்காரன் தீப்பெட்டியைக் கையில் கொடுக்காமல் மண்ணில் போட்டான். டீக்கடையில் கொட்டாங்குச்சி. அதையெல்லாம்விட அவனைச் சுட்டது வேறொன்று. ஒரு பண்ணையக்காரர் எதிரே வந்ததும், தோளில் கிடந்த துண்டை அவன் கையே இழுத்து இடுப்பில் கட்டிவிட்டது. யாரும் சொல்லவில்லை. கை தானாகவே பழைய பாடத்தை ஒப்பித்தது.

நாலாம் நாள், ஏழு மாசமாக இருந்த தெய்வநாயகியை ஒருமுறை காட்டிவரலாமென்று நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்கள் கரிப்புகையில் ஓடின. வண்டிக்குப் பின்னால் ஆளுயர இரும்பு அடுப்பு. சேரிக்காரர்கள் அதை ஒட்டிய இடுக்கில் நிற்கவேண்டும், மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். டிக்கெட் மட்டும் எல்லோருக்கும் ஒரே விலை.

முன்பலகையில் இடம் காலியாக இருந்தது. அவளாவது உட்காரட்டும் என்று சடையன் கேட்டான். மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கண்டக்டர் மருதாசலம் கையை விரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்ல மண்டி சென்னியப்பன் அந்த இடத்தில் தன் பையை எடுத்து வைத்தார். அதுதான் பதில்.

தெய்வநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இதுதான் நீங்க சொன்ன ஊருங்களா?" என்று கேட்டாள். சடையன் தன் இடுப்பில் கட்டியிருந்த துண்டைக் குனிந்து பார்த்தான்.

நாலு மைல் தாண்டி ஒரு மேட்டில் வண்டி இருமிக்கொண்டு நின்றது. பின்னால் நின்றவர்களை மருதாசலம் வழக்கம்போல இறக்கிவிட்டார். எட்டுப் பேர் கை வைத்தார்கள். சடையன் அடுப்பைப் பார்த்தான். சாம்பல் அடைத்திருந்தது. துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டான்.

"உக்காந்துட்டு வாரவங்க தள்ளட்டுமுங்க. நின்னுட்டு வாரவங்களுக்கு வண்டி ஓடுனா என்ன, நின்னா என்ன?"

பதினாறு கைகளும் வண்டியை விட்டு விலகின. களையெடுக்கப் போகிற பாவாயி, தனக்கு நின்றே பழக்கம் என்று சொல்லிக்கொண்டு, புளியமரத்தடியில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாள்.

சென்னியப்பனுக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டில் வழக்கு. வேட்டியை மடித்துக் கட்டி, பலகைக்காரர்களோடு சேர்ந்து தள்ளினார். வண்டி ஒரு முழம் ஏறி இரண்டு முழம் இறங்கியது.

"மூச்சப் புடிச்சுத் தள்ளுங்க சாமி" என்றாள் பாவாயி.

வேர்த்து வழிந்தபடி சென்னியப்பன் சடையன் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னடா வேணும்?"

"டிக்கெட்டுக்கு உண்டான எடமுங்க. எனக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும்."

சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் பையை எடுத்துக்கொண்டார். சடையன் சாம்பலைக் கிளறிக் கொட்டி, விசிறியைச் சுற்றித் தணலை மூட்டினான். பிறகு எல்லோரும் தோளோடு தோள் இடித்துத் தள்ளினார்கள்; தீட்டுப்பட்டு ஒருவரும் கருகிப்போகவில்லை. எஞ்சின் உறுமியது.

தெய்வநாயகி முன்பலகையில் சன்னலோரமாக உட்கார்ந்தாள். பின்பலகைகளில் இருந்தவர்கள் நெருங்கி இடம்விட, எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் நாமக்கல் வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றார். நிற்கிற உரிமையை அவருக்கு யாரும் மறுக்கவில்லை.

சேதி கேள்விப்பட்ட பஸ் முதலாளி அடுத்த மாதமே சடையனை வேலைக்கு அழைத்தார். கரி அடுப்பின் சூட்சுமம் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் வேறு யாருமில்லை. பலகையில் பேதம் வைத்தால் அடுப்பைத் தொடமாட்டேன் என்றான் சடையன். அவர் ஒத்துக்கொண்டார். வண்டிகள் அப்படியே ஓடின.

சென்னியப்பன் கொஞ்ச நாள் நின்றுகொண்டே போய்வந்தார். கால் வலித்ததும் உட்கார்ந்தார்.