பின்புறமாக ஏறும் முடக்கு

குருவிட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கடைசி முடக்கில், செங்குத்தான வளைவில், கார் நின்றுவிட்டது. மிதித்தால் என்ஜின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. கியர் பொக்ஸிலிருந்து தீய்ந்த எண்ணெய் நாற்றம். சொந்தக் காரில் அம்மாவை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்றைக்குத்தானா இது வரவேண்டும்!

சின்ன வயதில் தோட்டத்து லொறியும் இதே நாற்றத்தோடு இதே முடக்கில்தான் திணறும். "எல்லாம் எறங்குங்க!" என்பார் டிரைவர். கைப்பிள்ளைக்காரியும் இறங்க வேண்டும். ரிவஸ் கியருக்குத்தான் வலு அதிகம் என்று லொறியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றுவார். அப்பா காறித் துப்புவார்.

"தோட்டத்துத் தொரை காரு மட்டும் நேரா ஏறுது. நம்ம வீட்டுக்குப் போறதுகூட பின்னுக்குத்தான்."

நான் கார் வாங்கினால் நேராகத்தான் ஏறுவேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். பின்கதவு திறந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே அம்மா இறங்கிவிட்டார்.

"நான் நடந்து வர்றேன்பா. நீ ரிவஸ்ல ஏத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு காரைக் கீழே உருளவிட்டுத் திருப்பி, ரிவஸில் போட்டேன். சனியன், ஏறியது. முன்கண்ணாடி வழியே பார்த்தால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்தபடியே மேடேறி வருகிறார்.