கடுகு வெடித்த வினிக்ரெட்

அன்றைக்கு எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய செக்‌ஷன் ஆபீசர், ஆபீசரின் மனைவி. இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்த மேல்மாடி பஞ்சாபிக்காரம்மாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் வாசலோடு நின்றுவிட்டார்.

விஷயம் கௌஹாத்தி. என் வீட்டுக்காரரை அங்கே மாற்றும் பைல் அந்த ஆபீசர் மேஜையில் கிடந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். டெல்லிக்கு வந்து சேர்ந்த பயமே இன்னும் தெளியவில்லை. அதற்குள் இன்னொரு ஊருக்கு எங்கே போய்ப் பயப்படுவது? அதனால்தான் ஆபீசரைச் சாப்பிடக் கூப்பிட்டோம்.

"வெயில் காலத்துல மத்தியானம் அவருக்குப் பச்சைக் காய் சாலட்தானாம். மேல வினிக்ரெட்டுன்னு ஒண்ணு ஊத்தணுமாம்," என்றார் வீட்டுக்காரர்.

"சிகரெட்டா?"

"வினிக்ரெட்டுடி. சிர்கா, அதான் வினிகர், ஆலிவ் ஆயில், மஸ்டர்டு. அவரே சொன்னாரு."

"மஸ்டர்டுன்னா?"

"கடுகு."

கடுகு என்றதும் இருவருக்கும் நிம்மதியாகிவிட்டது. அதை என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே!

சிர்கா மளிகைக் கடையில் கிடைத்தது. ஆலிவ் ஆயில் மருந்துக் கடையில்தான் இருந்தது, சின்ன பாட்டிலில். "பச்சா கித்னே மஹீனே கா ஹை?" என்று குழந்தைக்கு எத்தனை மாசம் எனக் கடைக்காரர் கேட்டார். குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடும் எண்ணெயாம் அது. வீட்டில் குழந்தையே இல்லை. "சார் மஹீனா," நாலு மாசம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளரி, தக்காளி, வெங்காயம் நறுக்கினேன். சாலட் இலையில் காலரா இருக்குமோ என்று பர்மாங்கனேட் தண்ணீரில் ஊறப்போட்டதில் அதன் ஓரமெல்லாம் ஊதாவாகிவிட்டது. அழகுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

விருந்தாளிகள் முன்னறையில் கூலருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நான் ஆலிவ் ஆயிலைக் காயவைத்துக் கடுகு போட்டேன். கைப்பழக்கத்தில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் விழுந்தன. எல்லாம் வெடித்ததும் கொதிக்கக் கொதிக்கச் சிர்காவில் கொட்டினேன்.

சொய்யென்று எழும்பிய நெடியில் எனக்குக் கண் தெரியவில்லை. அவசரமாக ஜன்னலைத் திறந்தேன். அது பக்கத்துப் பால்கனியைப் பார்த்த ஜன்னல். முன்னறைக் கூலரின் முதுகும் அதே பால்கனியில்தான். நெடி முழுவதையும் கூலர் இழுத்து, குளிரவைத்து, ஆபீசர் முகத்தில் நேராக ஊதியது.

"ஹாய் ராம்!" என்று அவர் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். ஆபீசர் இருமினார், தும்மினார், மறுபடி இருமினார். வீட்டுக்காரர் சமையலறைக்கு ஓடிவந்து, "போச்சு, கௌஹாத்திதான். பெட்டியக் கட்டு," என்றார்.

"கூலர நிறுத்துங்களேன்!"

"ஆபீசர் உக்காந்திருக்கப்ப கூலர நிறுத்தறதா?"

அழாத குறையாகத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். ஆபீசர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். "அரே, நாக் குல் கயி!" என்றார். ஒரு வாரமாக அடைத்திருந்த மூக்கு திறந்துவிட்டதாம். சாலட்டை வாயில் போட்டார். "யே காலா காலா க்யா ஹை?" என்று கறுப்புக் கறுப்பாகக் கிடந்ததைக் காட்டிக் கேட்டார்.

"மஸ்டர்டு சார். மதராஸி வினிக்ரெட்," என்றார் வீட்டுக்காரர் எழுந்து நின்று.

ஆபீசர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வினிக்ரெட்டுக்குப் போடுவது கடுகல்ல, பாட்டிலில் வரும் குழைத்த மஸ்டர்டு என்பதை அவரும் சொல்லவில்லை. எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கிளம்பும்போது அவர் மனைவி, அந்த எண்ணெயில் இரண்டு பாட்டில் வாங்கி அனுப்பச் சொன்னார். மறுநாளே வாங்கி அனுப்பினேன்.

"காசு கேட்டீங்களா?" என்றேன் சாயங்காலம்.

"பைல்ல இன்னும் கையெழுத்தே ஆகல. இப்பப் போயி காசு கேப்பாங்களா?"

அடுத்த வாரம் கையெழுத்து ஆயிற்று. மாற்றல் இல்லை. நான் மறுபடி கேட்டேன்.

"அவ்வளவு பெரிய உதவி செஞ்ச மனுஷன்கிட்ட எண்ணெய்க் காசா கேக்கச் சொல்ற?"

பிறகு ஆபீசருக்கே கௌஹாத்திக்கு மாற்றலாகிவிட்டது. இருபத்து நாலு ரூபாய் பாக்கி.