துப்பாக்கிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து, புதிதாகப் பழக்கமான ஒரு தம்பதியை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தமிழ்நாட்டுக்காரர்கள். எங்கள் நகரத்தின் ட்வெய்ட்டா பகுதிக்குக் குடிவந்து சில மாதங்கள்தான். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ரொம்ப மரியாதையான பிள்ளை.

கை கழுவப் போனவர், வழியில் நிற்கும் ஆளுயர இரும்புப் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சுவரோடு சேர்த்து போல்ட் அடித்த பெட்டி. கதவில் புனித அந்தோனியார் படம் வேறு ஒட்டியிருக்கிறது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்... இவ்ளோ பெரிய லாக்கரா? ஃபுல்லா தங்கமா?"

"தங்கம் இல்லைத் தம்பி. துப்பாக்கி வைக்கிற பெட்டி."

அவர் கை கழுவுவதை மறந்துவிட்டார். "இப்ப... உள்ள இருக்கா சார்?"

"இல்லை."

"அப்ப உள்ள என்னதான் இருக்கு?"

நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி றோஸ், "சோறு ஆறுது, வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டாள். நான் தப்பித்தேன். ஆனால் அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லலாம். வாரம் தவறாமல் வாசிக்கிறீர்கள், அந்த உரிமையாவது உங்களுக்கு வேண்டாமா?

நான் பஸ் ஓட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் டிப்போ மெக்கானிக்கின் பெயர் ஆர்னே. வருடம் முழுவதும் வாயைத் திறக்காத மனிதன். செப்டம்பர் வந்தால் மட்டும் சின்னப்பிள்ளை ஆகிவிடுவான். எல்க் வேட்டை! எல்க் என்றால் குதிரையைவிட உயரமான மான். காட்டுக்குள்ளே ஒரு மரக்குடில், இங்கே ஹித்த என்பார்கள். அதில் போய் ஒரு வாரம் கூட்டமாகத் தங்கி வேட்டையாடுவார்கள்.

சில வருடங்களாக நானும் போகிறேன். துப்பாக்கி இல்லாமல்தான். விறகு கொத்த, நெருப்பு மூட்ட, மான் விழுந்தால் எல்லோரோடும் சேர்ந்து கயிறு போட்டு இழுக்க.

அந்த ஹித்தவில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் எல்லோரும் துப்பாக்கிகளை மேசையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்க அவற்றின் வம்ச வரலாறு வெளியே வரும். இது அப்பாவுடையது. இது அப்பாவின் அப்பா வாங்கியது. இந்தக் கீறல், மாமா பாறையில் சறுக்கி விழுந்தபோது வந்தது... ஒவ்வொரு வருடமும் அதே கதைதான். ஒவ்வொரு வருடமும் எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பார்கள்.

நான் அந்த நேரத்தில் காப்பிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

எங்களிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? என் அப்பாவின் கைக்கடிகாரம்கூட என்னிடம் இல்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது கையில் ஒரு பை இருந்தது. அதுவும் வரும் வழியில் மொஸ்கோவில் தொலைந்து போயிற்று. இதைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன் — ஏக்கம். "இது என் தாத்தாவுடையது" என்று சொல்லி ஒரு சாமானை மேசையில் வைக்க வேண்டும் என்ற ஏக்கம். சாமான் எதுவாக இருந்தால் என்ன?

அந்த ஏக்கத்தில்தான் வேட்டைப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணினேன். துப்பாக்கிக்கு முன்னே அதைப் பூட்டி வைக்கப் பெட்டி வாங்க வேண்டும் என்பது இந்த நாட்டு ஒழுங்கு. வாங்கினேன். நாங்கள் குடியிருக்கும் ரொம்சோஸ் அடுக்குமாடியின் கொங்கிரீட் சுவரில் ஓட்டை போட்ட சத்தத்துக்கு மேல்மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

அவரைவிட றோஸின் சத்தம்தான் பெரிது. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப நீங்கள் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறியளோ?"

நான் தரையில் கொட்டிய கொங்கிரீட் தூசியைக் கூட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் பெட்டிக் கதவில் அந்தோனியார். உள்ளே அவளுடைய நகைகள்! எங்கள் மகள் ஜெனியின் கல்யாணத்துக்கென்று அரிசி வாளிக்குள் ஒளித்துச் சேர்த்து வந்தவை. "சும்மாதானே கிடக்கு" என்றாள்.

போன வருடம் கோடை முடியும்போது எங்கள் குழுவின் மூத்தவர் ஒட்வார் வேட்டையை விட்டார். முழங்கால்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. பிள்ளைகள் இல்லாத மனிதர். மெட்ரோ முடிகிற வெஸ்ட்லியில் தனியாக இருக்கிறார். தன் இடத்தை எனக்குத் தரச் சொல்லிக் குழுவிடம் பேசிவிட்டு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

போனேன். மேசையில் ஒரு கம்பளித் துணி விரித்து, அதன்மேல் தன் துப்பாக்கியை வைத்திருந்தார்.

என்ன சொல்ல! நூறு வயதைத் தாண்டியது. வால்நட் மரப் பிடி. அவருடைய தாத்தாவும் அப்பாவும் அவரும் கன்னம் வைத்துக் குறிபார்த்த இடத்தில் மரம் கறுத்து, பளபளத்து, லேசாகக் குழிந்திருந்தது. நானும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது!

"சனிக்கிழமை ஒருவர் வருகிறார். பழைய துப்பாக்கிகள் சேர்க்கிறவர். வாங்கினால் சுவரில் மாட்டி வைப்பார்" என்றார் ஒட்வார். "எனக்கு அதில் விருப்பமில்லை. நீ எடுப்பதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்."

மெட்ரோவில் திரும்பி வரும்போதே துப்பாக்கி என்னுடையதாகிவிட்டது. மனதுக்குள்தான்.

ஆர்னேயிடம் சொன்னேன். அவன் க்ரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே என் கால்களைப் பார்த்தான். நான் காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் சப்பாத்தின் லட்சணம் அவனுக்குத் தெரியும்.

"அழகான சாமான்தான். ஆனால் அதில் தொலைநோக்கி பூட்ட முடியாது. உன் கண்ணுக்கு அதை வைத்துச் சுடும் தேர்வு பாஸ் பண்ணுவது கஷ்டம். என்னிடம் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்று சும்மா கிடக்கிறது, இந்த சீஸனுக்கு இரவல் தருகிறேன். நீ முதலில் நல்ல பூட்ஸ் வாங்கு. மழை உடுப்பு வாங்கு. கம்பளி உள்ளாடை வாங்கு."

சரியாகத்தான் சொன்னான். ஆனால் சரியாகச் சொல்கிறவர்களை நமக்கு எப்போது பிடித்திருக்கிறது? உள்ளாடைக்கு வம்ச வரலாறு உண்டா?

துப்பாக்கி, காட்டு உடுப்பு இரண்டையும் வாங்கக் கை எட்டாது. ஒன்றுதான் முடியும். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் விஷயத்தை உடைத்தேன். றோஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் தொடங்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"இது எனக்கில்லை. ஜெனிக்கு. நாளைக்கு அவளின்ரை கையில குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை. இது எண்டால் அவளின்ரை பிள்ளையளும் வைச்சிருக்குங்கள்."

ஜெனி நர்ஸிங் படித்து முடித்தவள். இங்கேயே பிறந்தவள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கோ? அப்பா, நான் எப்ப துவக்குக் கேட்டனான்?"

"கேட்டால்தான் தாறதோ?"

"நான் கேட்டது வேறை. உங்களோட ஒருக்கா காட்டுக்கு வரோணும் எண்டு கேட்டனான். போன வருஷமும் கேட்டனான். ஸ்தூவ்லர் இல்லை, மழை உடுப்பு இல்லை, சளி பிடிக்கும், பிறகு பாப்பம் எண்டு சொன்னனீங்கள்."

ஸ்தூவ்லர் என்றால் இங்கே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். எனக்கு நினைவிருந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"சரி, இந்த முறை துவக்கை எடுப்பம். வாற வருஷம் உனக்கு எல்லாம் வாங்கி..."

"வாற வருஷம் நான் இஞ்சை இல்லையப்பா."

வடக்கே த்ரொம்சோ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அக்டோபர் நடுவில் போக வேண்டும். அன்று பகல்தான் தெரியவந்ததாம். எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாள். நாட்டின் அந்தத் தலைக்குப் போகிறாள்! பிளேனில் போனாலே இரண்டு மணி நேரம்.

றோஸ் துப்பாக்கியை மறந்துவிட்டாள். நானும்தான்.

அன்று ஒன்று உறைத்தது. எங்கள் சனத்துக்கென்றே ஒரு பிழை உண்டு — சேர்த்து வைத்துக் கொடுக்கிற பிழை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அது நாளைக்குக் கொண்டு போவதற்காகச் சேர்ப்போம். நகை சேர்ப்போம், சீலை சேர்ப்போம், வெள்ளிப் பாத்திரம் சேர்ப்போம். அதற்காக இரண்டு ஷிஃப்ட் வேலை செய்வோம். பிள்ளை கூட இருக்கிற நேரத்தில் அதோடு எங்கேயாவது போனோமா? றோஸின் அரிசி வாளியை நான் எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன்... நான் வாங்க நினைத்ததும் ஓர் அரிசி வாளிதான். என்ன, சுடக்கூடிய வாளி.

வெள்ளிக்கிழமை ஒட்வாருக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். அந்தச் "சரி" இன்னும் என் காதில் கிடக்கிறது.

சனிக்கிழமை, யாரோ ஒருவர் அந்தத் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு போன அதே நேரத்தில், நானும் ஜெனியும் ஒரு கடையில் பூட்ஸ் போட்டு மேலும் கீழும் நடந்து பார்த்தோம். அவளுக்கு ஒரு சோடி, எனக்கு ஒரு சோடி. பச்சை நிறம். இரண்டு மழை உடுப்பு. கம்பளி உள்ளாடை. ஈரத்தில் உட்கார இரண்டு மெத்தைத் துண்டு. பில் போட்ட பெண் "குடும்பமாகப் போகிறீர்களா?" என்று கேட்டாள். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

ஆர்னே தந்த பிளாஸ்டிக் துப்பாக்கி பெட்டிக்குள் வந்த அன்று, "பிள்ளையின்ரை நகை துவக்கோட இராது" என்று றோஸ் நகைகளைத் திருப்பி அரிசி வாளிக்குக் கொண்டு போனாள். நான் சுடும் தேர்வையும் பாஸ் பண்ணினேன். ஆர்னே சொன்னது சரியாகவே இருந்தது, என்ன செய்ய.

காட்டுக்குப் போனோம். மழை... விடாத மழை. வேட்டையில் அவரவருக்குக் காட்டிய இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். பேசக் கூடாது. எவ்வளவு கதைக்கலாம் என்று நினைத்து மகளைக் கூட்டிப் போனேன், அங்கே வாய்க்குப் பூட்டு! மத்தியானம் றோஸ் கட்டித்தந்த மத்பக்கவைத் திறந்தோம். கட்டுச்சோற்றுக்கு இங்கே அதுதான் பேர். உள்ளே ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும். ஆர்னே அடுத்த மேட்டில் இருக்கிறான். வோக்கி-டோக்கியில் அவன் குரல் கிசுகிசுத்தது: "என்ன வாசம் இது? எல்க் எல்லாம் சுவீடனுக்கு ஓடப் போகிறது." ஜெனி சிரிப்பை அடக்க என் முதுகில் முகத்தைப் புதைத்தாள்.

சாப்பிட்ட அசதியில் என் வலது தோளில் சாய்ந்து தூங்கியும் போனாள். கடைசியாக அவள் இப்படித் தூங்கியது எப்போது? பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வந்த காலமாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் எல்க் வந்தது.

சம்பலையும் மீறி வந்தது, மகராசன். பெரிய கொம்பு. மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து, பக்கவாட்டாக, அசையாமல் நின்றது. மழைநீர் அதன் முதுகில் ஓடுவது தெரிந்தது. துப்பாக்கி என் மடியில் கிடந்தது. எடுத்து வலது தோளில் வைத்தால் போதும்.

வலது தோளில் ஜெனி.

நான் எடுக்கவில்லை. அது போயிற்று. ஹித்தவில் "மரங்கள் மறைத்துவிட்டன" என்று சொல்லிச் சமாளித்தேன். இந்தப் பத்தியை யாரும் ஆர்னேக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

மாலையில் வழக்கம்போல துப்பாக்கிகள் மேசைக்கு வந்தன. வம்ச வரலாறு ஓடியது. என் முறை வந்தபோது, "இது ஆர்னேயின் இரவல்" என்றேன். வேறு கதை இல்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த வால்நட் பிடியை அப்போதும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஷேவ் எடுக்கும்போது கன்னத்தில் அதன் குளிர் தெரிகிறது. விட்டுக்கொடுத்தால் ஆசை போய்விடும் என்று யார் சொன்னது?

இரண்டு வாரத்தில் ஜெனி போய்விட்டாள். போன பிறகு போன் செய்தாள். "இஞ்சை பனிக்கு வேறை சப்பாத்து வாங்கிட்டன். அந்த ஸ்தூவ்லரை ஆருக்கும் குடுங்கோ அப்பா, சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும்."

சரி என்றேன். ஆர்னேயின் மருமகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்து வாசலைப் பார்த்தால் பூட்ஸைக் காணவில்லை. றோஸுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். காட்டுச் சேற்றோடு கிடந்ததை எறிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கேட்கவும் தைரியம் வரவில்லை. அதற்குள் சீஸன் முடிந்து துப்பாக்கி ஆர்னேயிடமே திரும்பிப் போயிருந்தது. காலிப் பெட்டியை ஒருநாள் துடைப்போம் என்று திறந்தேன்.

உள்ளே பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் ஜெனியின் பச்சை பூட்ஸ். கழுவவில்லை! சேறு காய்ந்து, அதில் ஒரு பைன் ஊசி இலைகூட அப்படியே ஒட்டியிருந்தது.

துடைக்காமலே கதவைச் சாத்தினேன். நகைகள் இன்னும் அரிசி வாளிக்குள்தான் இருக்கின்றன.

போன ஞாயிறு விருந்தாளிகள் போன பிறகு பெட்டியைத் திறந்து ஒருதரம் பார்த்தேன். சும்மாதான். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து றோஸ் குரல் கொடுத்தாள்:

"வடிவாப் பூட்டினனீங்களோ?"

நகை இருந்த காலத்தில் ஒருநாள்கூட அப்படிக் கேட்டதில்லை.