பழகாத கேள்வி

எனக்கு ஆட்டிசம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்காக அருப்புக்கோட்டையில் நடந்த முகாமுக்குப் போனேன். என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து, பதில்களை வரிசைப்படி மனப்பாடம் செய்திருந்தேன். தடங்கலில்லாமல் சொன்னேன்.

"நல்லாத்தானே பேசுறீங்க? உங்களுக்கு எதுக்கு இது?" என்று டாக்டர் என் மனுவை ஒதுக்கி வைத்தார்.

கூட வந்த அக்கா விடவில்லை. "ஒரு வாரமா சுவத்தப் பாத்துப் பேசிப் பழகுனது சார் இது. சுவரே மனப்பாடமாச் சொல்லும். எங்க ஊரு ரெட்டியபட்டி பஸ்ஸு வரலைன்னா என்ன செய்வான்னு கேளுங்க."

அவர் கேட்டார். அதை நான் பழகியிருக்கவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். அதன்பிறகே ஒதுக்கிய மனுவைக் கையிலெடுத்து, உதவித்தொகைக்குப் பரிந்துரை எழுதினார்.

இப்போது எந்த அலுவலகத்துக்கும் பதில்களைப் பழகிக்கொண்டு போவதில்லை. ஆனால், நான் திணறுவதைப் பிறர் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது மனப்பாடம் செய்வதைவிட அலுப்பாக இருக்கிறது.