புதுவயலில் மந்திரிக்காகக் காத்திருந்த வீடு

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் அது. சென்னையில் டி.வி. நிலையம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே அரசியல் செய்திகளுக்கு நிருபராகத் தற்காலிக வேலையில் இருந்தேன். டெல்லியிலிருந்து மத்திய மந்திரி ஒருவர் காரைக்குடிப் பக்கம் சுற்றுப்பயணம் வருகிறார் என்றதும், 'நீ கண்டரமாணிக்கத்துக்காரன்தானே, நீயே போ' என்று அனுப்பிவிட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று சந்தோஷமாகத்தான் ரயில் ஏறினேன்.

காரைக்குடியில் இறங்கியதுமே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. முதல் நாள் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லர் வெடித்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒருவர் உடல் வெந்துபோய், அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. மந்திரி இறந்தவர் வீட்டுக்கு வந்து மாலை வைத்து ஆறுதல் சொல்லப் போகிறார், அதை நீங்கள் படம் எடுக்க வேண்டும் என்று அவருடைய கட்சிக்காரர் ஒருவர் என்னையும் கேமராமேனையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆலைக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பாடை கட்டி முடித்துச் சுவரோரம் வைத்திருந்தார்கள். காலையிலேயே வந்துவிடுவார் என்று சொன்ன மந்திரி உச்சிவெயில் வரை வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம், ஊரும் காத்திருந்தது.

கேமராமேன் மெட்ராஸ்காரர். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், வெறும் வாயோடு திரும்பி வந்தார். "என்ன சார், கடையும் இல்லை, ஒரு வீட்டிலும் புகை இல்லை" என்றார். எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்த தெருவில் உடலை எடுக்கும்வரை யாரும் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். வழக்கமாக அது அரைநாள் சங்கதி. அன்று தெருப் பிள்ளைகள் பசியில் அழுது அழுது ஓய்ந்து, நிழல் கண்ட இடத்தில் சுருண்டு படுத்திருந்தார்கள்.

இத்தனையும் ஒரு படத்துக்காக! அந்தப் படச்சுருள் ரயிலேறிச் சென்னைக்குப் போய், கழுவி, செய்தியில் காட்டினாலும் புதுவயலில் யாரும் பார்க்கப்போவதில்லை. அந்த ஊரில் ஒரு வீட்டிலும் டி.வி. கிடையாது. எங்களைச் சினிமாக்காரர்கள் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்சிக்காரர் பந்தலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். உறவினர்கள் எழுந்தால் ஓடிவந்து தடுப்பார். "அவசரப்பட்டு எடுத்துராதீக. மந்திரி கண்ணால பாத்தாத்தான் கையோட ஏதாச்சும் உதவி சொல்வாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குல்ல?" எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஆள் இவர் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதைத் தள்ளவும் முடியவில்லை. மந்திரி நேரில் பார்த்து வாயால் சொன்ன உதவி கிடைப்பதையும், பார்க்காமல் போனது அப்படியே போவதையும் நானே கண்டிருக்கிறேன்.

ஆலை ஆபீசில் போன் இருந்தது. காரைக்குடிப் பயணியர் மாளிகைக்குப் பேசினேன். மந்திரியின் உதவியாளர் எனக்குப் பழக்கமானவர். இன்னும் இரண்டு கூட்டங்கள் பாக்கி, இருட்டிய பிறகுதான் வர முடியும் என்றார். "அதுவரை எப்படியாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். கேமரா இருக்கிறதல்லவா?" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். திரும்பி வந்து கட்சிக்காரரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை அவுககிட்டச் சொல்லிப்புடாதீக சார். பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஆள் அனுப்புறேன். உங்க படத்துக்கும் நல்லதுதானே?" என்றார்.

நல்லதுதான். என் வேலை நிரந்தரமாகிற சமயம் அது. மந்திரி படம் இல்லாமல் வெறும் கேமராப் பெட்டியோடு திரும்பினால் ஆபீசில் என்ன பேச்சு விழும் என்று தெரியும். பேசாமல் போய் வேப்பமரத்தடியில் நின்றேன்.

அப்போது இறந்தவரின் மனைவிக்கு அண்ணன் என்னிடம் வந்தார். காரைக்குடியில் தச்சு வேலை செய்பவர். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்குக் கண்டரமாணிக்கம்னு சொன்னாக. நம்ம பக்கத்து ஆளுன்னுதான் கேக்குறேன். மந்திரி மெய்யா எப்ப வருவாக? தீயில வெந்த ஒடம்பு சார். இந்த வெயில்ல இனிமே தாங்காது."

கட்சிக்காரர் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே! செய்தி சொல்வதற்கென்று சம்பளம் வாங்குகிறவன், கேட்க வந்தவரிடமே அதை மறைப்பது எந்த ஊர் நியாயம்? "பொழுதோட வரமாட்டாகண்ணே. இருட்டினப்புறந்தான்" என்றேன். ஆபீஸ் தமிழ் போய் ஊர்த் தமிழ்தான் வாயில் வந்தது.

அவர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கிட்டச் சொன்னத எந்தங்கச்சிகிட்ட வந்து சொல்லுங்க. முடிவு அதுதான் சொல்லணும்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன். உடலின் தலைமாட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துக் கண்கள் வறண்டிருந்தன. மடியில் சின்னது தூங்கிக்கொண்டிருந்தது.

நிலைப்படியில் நின்றபடி, மந்திரி இருட்டுவதற்குள் வரமாட்டார் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுக வந்து பாக்காட்டி புள்ளைகளுக்கு ஒண்ணும் தரமாட்டாகளா?"

"தராமலும் போகலாம்மா. தருவாகன்னு என்னால சொல்ல முடியல."

அவள் கணவனின் காலைத் தொட்டபடி இருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "அப்ப எடுங்கண்ணே. புள்ளைகளுக்குன்னுதான் இம்புட்டு நேரம் வச்சிருந்தேன். அவுக கெடக்குற கெடய இதுக்கு மேல என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. தெருவுல பச்சப் புள்ளைகளும் பட்டினியாக் கெடக்குதுக."

சொல்லி முடித்ததும் அவள் அலறினாள். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழ, நானும் அழுதேன். நான் சொல்லாமலே கேமராமேன் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இருவரும் சுடுகாடுவரை நடந்தோம்.

திரும்பி வந்தபோது தெருவில் வரிசையாக அடுப்புகள் புகைந்தன. விளக்கு வைத்த பிறகு மந்திரியின் கார் வந்தது. உடல் எடுத்துவிட்ட வீட்டைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடி அண்ணனிடம் நாலு வார்த்தை பேசி, செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேமராப் பெட்டியை நாங்கள் திறக்கவேயில்லை. கட்சிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லாததால் நாங்களும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினோம்.

ஆபீசில் விளக்கம் கேட்டார்கள். வேலை நிரந்தரமாவது தள்ளிப்போயிற்று. அது பெரிதாகத் தெரியவில்லை. மந்திரி சொன்ன உதவி வந்ததா என்பதுதான் என்னை அரித்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்த அண்ணனைத் தேடிப்போய் விசாரித்தேன். ஆலைக்காரர் ஏதோ கொடுத்திருக்கிறார், மந்திரி சொன்னது வரவேயில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்று அவரிடமே கேட்டுவிட்டேன். மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வந்திருக்கும், வராமலும் போயிருக்கும். தங்கச்சி ஒரு நாளும் உங்களக் கொற சொன்னதில்ல சார். அன்னைக்கி நம்மகிட்ட உள்ளதச் சொன்ன ஆளு அவுக ஒருத்தருதான்னு சொல்லும்."

பிறகு டெல்லிக்குப் போனேன். தேர்தல்கள், ஆட்சி மாற்றங்கள், தலைவர்களின் மரணம் என்று எத்தனையோ செய்திகளை நாடே கேட்கும்படி குரல் பிசகாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு செய்தியைச் சொல்வதற்கு முன், அதைக் கேட்பவர்கள் என்ன இழக்கப்போகிறார்கள் என்று நினைத்து இன்றும் ஒரு கணம் நான் நின்றுவிடுகிறேன் என்றால், அந்த நிலைப்படியில் என்னை நிமிர்ந்து பார்த்த பெண்தான் காரணம்.