அழிக்கச் சொன்ன படங்கள்

என் கொம்பியூட்டருக்கு அப்போது நன்றாக வயது போய்விட்டது. படங்கள் உள்ள கோப்புறை ஒன்றைத் திறந்துவிட்டுக் குசினிக்குப் போய், அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் பாதிப் படம்தான் தெரியும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. சனியன் பிடித்த பெட்டி என்று வாய் ஓயாமல் திட்டுவேன். ஆனாலும் எனக்குச் சோறு போட்டது அந்தப் பெட்டிதான்.

கல்முனையில் கலியாண வீடுகளுக்குப் போய்ப் பொண்ணைப் படமெடுப்பது என் தொழில். பொண்ணு இருக்கும் அறைக்குள் அந்நிய ஆம்பிளை கமராவோடு போக ஏலாது, அதனால் என்னைத் தேடி வருவார்கள். எடுத்ததை வீட்டில் வைத்துத் திருத்தி, அச்சடித்து, அல்பமாகக் கொடுப்பேன். வாங்க வருகிறவர் பெரும்பாலும் பொண்ணின் வாப்பாதான். அல்பம் கைக்கு வந்த பிறகும் ஆள் கதிரையை விட்டு எழும்ப மாட்டார். மகளின் முகம் இன்னொரு வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கலாமா? அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், பிறகு குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கிக் காட்ட வேண்டும். எனக்கு இதில் குறையொன்றும் இல்லை. என் வாப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் நின்றிருப்பார்.

அவர்களில் மிகவும் கறாரானவர் கடற்கரைப் பக்கத்து மாமா ஒருவர். சொந்தமில்லை, ஊர் முறைக்கு மாமா. ஒரே மகளுக்குக் கடலைப் பார்த்தாற்போல் கல்வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் வீடு பொண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மாமாவும் மாமியும் மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒரு சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டார்கள். அல்பம் வாங்க வந்த அன்று அவர் என்னைப் பெட்டி முழுக்கத் தேட வைத்தார்.

"வேற எங்கயும் ஒளிச்சு வெக்கல்லியே மகள்?"

"அல்லாவுக்காக இல்ல மாமா. நீங்கதானே பாத்துக்கிட்டிரிக்கீங்க."

அந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. மகள், மருமகன், வீடு, அலுமாரி எல்லாம் போயிற்று, அலுமாரிக்குள் இருந்த அல்பமும் போயிற்று. மகளின் மையத்துக்கூட அடக்கக் கிடைக்கவில்லை. சின்ன வயதுப் படம், அடையாள அட்டை எல்லாமே அந்த வீட்டில்தான் இருந்தன. மாமா என் வாசலுக்கு வந்தபோது அவர் கேட்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒன்றுமில்லை. அவர் எழும்பிப் போனார்.

அதோடு விட்டாரா? இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வருவார், "ஒருக்காத் தேடிப் பாரன் மகள்" என்பார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்த மனிதர் அழவும் இல்லை, விடவும் இல்லை. ஒருநாள் எனக்குப் பொறுமை கெட்டது.

"அழிச்சத எங்கிரிந்து மாமா தேடுற? என்னப் போட்டு ஏன் இப்படி வதைக்கிறீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "எனக்கில்ல மகள். எண்ட வீட்டுல உன்ட மாமிக்குத்தான். புள்ளட முகம் மறந்து போகுதாம். கண்ண மூடினா மூக்கு வருதாம், கண் வருதில்லையாம். விடிஞ்சா இதே அழுகை."

நான் தேத்தண்ணி ஊற்றப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் வரும் வெள்ளிக்கிழமைகளில் நான் திட்டுவதில்லை. இல்லை என்று மட்டும் சொல்வேன்.

இப்படியே வருடங்கள் போயின. யுத்தம் முடிந்துவிட்டது என்று தெருவில் பட்டாசு கொளுத்திய கிழமையில்தான் நான் அந்தக் கொம்பியூட்டரைத் திருத்த உட்கார்ந்தேன். சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து என்னிடம் படம் அச்சடிக்க வரும் தமிழ்ப் பிள்ளை அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. எனக்கும் வெளியே போக மனமில்லை.

கம்பஸில் படித்த என் தம்பி, வைரஸ் தொல்லைக்குப் பயந்து, நான் தொழில் தொடங்கிய காலத்திலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தந்துவிட்டுக் கட்டாருக்குப் போயிருந்தான். போனில் சொன்னான்: "பெட்டில பிழையில்ல ராத்தா. கோப்புறையத் திறந்து காட்டுதே, நீ வெச்சிரிக்கிற அந்தப் பைல் மனேஜர்தான் பாரம். லேசான ஒண்டப் போடு."

மூன்றைப் போட்டுப் பார்த்தேன். முதலாவது பார்க்க வடிவு, ஆனால் தான் வருவதற்குள் வேறு பத்து மென்பொருள்களைச் சொந்தக்காரர் மாதிரிக் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. பறக்கிறதுதான், ஆனால் படமெடுக்கிறவளுக்குப் படம் தெரியாத பெட்டி என்னத்துக்கு? மூன்றாவது ஒரு அலங்காரமும் இல்லாதது. தொட்டதும் திறந்தது. அதையே வைத்துக்கொண்டு எனக்கேற்றபடி மாற்றத் தொடங்கினேன். படங்களுக்கு முன்தோற்றமாகக் குட்டிப் படம் காட்டாதே, தட்டினால் மட்டும் படத்தைக் காட்டு என்றேன். பக்கப் பட்டியலில் வேண்டாத இடங்களைத் தூக்கினேன். இரண்டு தரம் தட்டுவதற்குப் பதில் ஒரு தரம் தட்டினால் திறக்க வைத்தேன். பிறகு, பெட்டிக்குள் இடத்தையெல்லாம் எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பதற்காக, மறைந்த கோப்புகளையும் காட்டு என்ற இடத்தில் சரி போட்டேன்.

நான் ஒரு நாளும் கண்டிராத கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒன்றுக்குள், எழுத்தும் இலக்கமும் குழம்பிய பெயர்களோடு, எண்ணமுடியாத அளவு குட்டிப் படங்கள். ஒன்றைத் திறந்தேன். முத்திரையளவில் ஒரு பொண்ணு, தலை குனிந்திருந்தாள். அடுத்ததிலும் ஒரு பொண்ணு.

பழைய பைல் மனேஜர் நான் திறந்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பிரதி எடுத்து அங்கே போட்டிருக்கிறது. அசலை அழித்தாலும் இது அழியாதாம், போனில் கேட்டபோது தம்பி சொன்னான். யா அல்லாஹ்! இத்தனை வாப்பாமாருக்கு நான் காட்டிய வெறுந்தொட்டிக்கு என்ன அர்த்தம்? எல்லாவற்றையும் உடனே துடைத்துவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் மாமாவின் நினைப்பு வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். அவள் இருந்தாள். மருதோன்றிக் கையைக் கன்னத்தில் வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிற படம்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். வழக்கமான கேள்வியை அவர் கேட்கும் முன் கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"ஓம்" என்றார். "ஓம் மகள். எண்ட புள்ளதான்." அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் அழுதார். இத்தனை வருடமும் அவர் அழுது நான் கண்டதில்லை. நானும் அழுதேன்.

"கொஞ்சம் பெரிசாக்கித் தாவன்."

பெரிதாக்கிக் காட்டினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "பெரிசாக்கினா முகம் போயிடும் மாமா."

"அப்ப வேணா. இப்படியே தா."

முத்திரையளவிலேயே அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டார். அவள் படத்தை மூடியபோது அடுத்த பொண்ணின் படம் திரைக்கு வந்தது. மாமா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் இரிக்கா?"

"இரிக்கி மாமா. நான் எடுத்த எல்லாப் பொண்ணுகளும். நீங்க போனதும் அழிச்சிருவன். வாக்குக் குடுத்ததுதானே."

அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். "வேணா. வெச்சிரு. ஆரும் எனக்கு ஏசினாலும் பரவால்ல. என்னப் போல ஆர்டயாச்சும் வாப்பா தேடி வருவான் மகள்."

உயிரோடிருக்கும் பொண்ணுகளின் வீடுகளுக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். எல்லோரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் படங்களை அழித்தேன். கடலோடு போன பிள்ளைகளின் படங்களை மட்டும் பிறிம்பாக ஒரு கோப்புறையில் போட்டு, மறைக்காமல் திரையில் முதலாவதாகத் தெரிய வைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ கேட்டு வருகிறார்கள் என்று எழும்பிப் பார்ப்பேன். ஒருவரும் வரவில்லை. பிறகு ஒருநாள் நானே கடற்கரைக்குப் போய் வீடு வீடாக விசாரித்தேன். அந்தப் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரும் கடல் வந்த அதே காலையில் அதோடு போயிருந்தார்கள்.